இரண்டாவது வரி

ஒரு சனிக்கிழமை இரவு, சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் பதினோராவது மாடியில், என் மடிக்கணினி எழ மறுத்தது. சாயங்காலம்தான் அப்டேட் போட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து ரீஸ்டார்ட் கொடுத்தால், சின்னம் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு கறுப்புத் திரை. அவசர நிலைக்கு வந்துவிட்டதாக ஒரு வரி. ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு பூட்டியிருப்பதால் உள்ளே விட முடியாது என்று இன்னொரு வரி. எண்டர் தட்டினால் தொடரலாம் என்று மூன்றாவது. தட்டினேன். அதே மூன்று வரிகள் திரும்ப வந்தன.

நான் கவலைப்படவில்லை. காரணம், அந்தக் கணினியில் இருந்தது ஃபெடோரா சில்வர்புளூ. ‘மாறாத லினக்ஸ்’ என்று சொல்கிறார்களே, அந்த வகை. அதில் கணினி தொடங்கும்போது கிரப் என்னும் பட்டியல் வரும். பட்டியலில் இரண்டு வரிகள். முதல் வரி புதிய சிஸ்டம், இரண்டாவது வரி அதற்கு முந்தையது. புதியது படுத்துவிட்டால் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும், நேற்றைய கணினி அப்படியே எழுந்து வரும். இதைச் சொல்லிச் சொல்லியே நாலைந்து நண்பர்களை இந்தப் பக்கம் இழுத்திருக்கிறேன்.

அன்று வீட்டில் தங்கியிருந்த அக்கா மகன், உயர்நிலை இரண்டில் படிப்பவன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முன்னால் வித்தை காட்டுவதுபோல இரண்டாவது வரிக்கு அம்புக்குறியை இறக்கி எண்டர் தட்டினேன். சின்னம் சுழன்றது. கறுப்புத் திரை வந்தது. அதே மூன்று வரிகளும் வந்தன.

“மாமா, இது ஒடையவே ஒடையாதுன்னு சொன்னீங்களே?”

அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இந்த அத்தியாயமாக எழுதுகிறேன்.

முதலில், கணினி எழுவது என்றால் என்ன நடக்கிறது? பொத்தானை அமுக்கியதும் மதர்போர்டில் பதிந்திருக்கும் யுஇஎஃப்ஐ என்ற சின்ன நிரல் விழிக்கிறது. வட்டின் ஒரு ஓரத்தில் இருக்கும் சிறு பகுதியைத் திறந்து, அங்கிருக்கும் ஷிம் என்ற வாயில்காப்போனைக் கூப்பிடுகிறது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஷிம்மின் வேலை கையெழுத்துப் பார்ப்பது. ஷிம் கிரப்பைச் சரிபார்த்து உள்ளே விடும். கிரப் பட்டியலைக் காட்டும். நாம் தேர்ந்தெடுத்த சிஸ்டத்தின் கருவான கெர்னல் நினைவகத்தில் ஏறும். கெர்னல் ஒரு தற்காலிகக் குட்டிச் சிஸ்டத்தைக் கொண்டு உண்மையான வட்டைத் தேடிப் பிடிக்கும். அதன்பின் சிஸ்டம்டி வந்து மற்ற வேலைகளையெல்லாம் வரிசையாகக் கிளப்பும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் குடம் மாறுவதுபோல. எங்கே குடம் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பவரின் வேலை.

சாதாரண லினக்ஸிலும் விண்டோஸிலும் அப்டேட் என்பது குடியிருக்கும் வீட்டிலேயே கழிப்பறையை உடைத்துக் கட்டுவது மாதிரி. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் 2007-இல் வந்தது. 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் பிறகு அதை நீட்டித்தார்கள். நாம் வீட்டில் இருக்கும்போதே தரையை உடைத்து, குழாய் மாற்றி, ஓடு பதிப்பார்கள். பத்து நாளும் தூசியும் சத்தமும். எல்லாம் முடிந்தால் நல்ல வீடுதான். ஆனால் நான்காம் நாள் வேலை நின்றுபோனால்? பழைய கழிப்பறையும் இல்லை, புதியதும் இல்லை. அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போன கணினியின் நிலை இதுதான்: பாதிக் கோப்புகள் புதியவை, பாதி பழையவை, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

இதற்கு நேர்மாறான இன்னொரு திட்டமும் வீவகவிடம் உண்டு. 1995-இல் தொடங்கிய செர்ஸ். டாங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 2014-இல் 31 புளோக்குகளுக்கு அதை அறிவித்தார்கள். பழைய புளோக்கில் யாரும் கைவைப்பதில்லை. பக்கத்தில் வேறு இடத்தில் புதிய புளோக்கை முழுதாகக் கட்டி முடிப்பார்கள். அதுவரை பழைய வீட்டில் விளக்கு எரியும், தண்ணீர் வரும். புது வீடு தயாரானதும் சாவியை வாங்கிக்கொண்டு ஒரே நாளில் மாறிவிடலாம். பழையதை அதற்குப் பிறகுதான் இடிப்பார்கள்.

மாறாத லினக்ஸ் செய்வது இதைத்தான். சிஸ்டத்தின் நிரல்கள் எல்லாம் இருக்கும் யுஎஸ்ஆர் என்ற அடைவு படிக்க மட்டுமே. நீங்களோ நானோ, ஏன் ரூட்டோகூட, சாதாரணமாக அதில் எழுத முடியாது. அப்டேட் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே புதிய சிஸ்டம் ஒன்று முழுதாகக் கட்டப்படுகிறது. சில்வர்புளூவில் இதைச் செய்வது ஓஸ்ட்ரீ. க்னோம் திட்டத்துக்காக காலின் வால்டர்ஸ் உருவாக்கியது. நிரலாளர்கள் தங்கள் மூலநிரலின் பழைய வடிவங்களைக் கிட் என்ற கருவியில் சேமிப்பதுபோல, ஒரு முழு இயங்குதளத்தையே சேமிப்பது அதன் யோசனை. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நீண்ட எண்தான் பெயர். ஒரு பிட் மாறினாலும் பெயர் மாறிவிடும். இரண்டு சிஸ்டங்களிலும் ஒரே மாதிரி இருக்கும் கோப்புக்கு ஒரே பெயர் என்பதால் அது வட்டில் ஒரு தடவைதான் இருக்கும். அதனால்தான் இரண்டு முழு சிஸ்டங்களை வைத்திருந்தும் வட்டில் இரண்டு மடங்கு இடம் போவதில்லை.

மருமகன் கையில் இருந்த பள்ளிக்கூடக் குரோம்புக்கும் இதே குடும்பம்தான். அது லினக்ஸ் என்றே பலருக்குத் தெரியாது. குரோம்ஓஎஸ் தன் வட்டில் ஏ, பி என்று இரண்டு சிஸ்டப் பகுதிகளை வைத்துக்கொண்டிருக்கும். ஏ ஓடும்போது பி-யில் அப்டேட் ஏறும். அடுத்த முறை பி எழும். பி பல முறை முயன்றும் எழாவிட்டால் யாரையும் கேட்காமல் ஏ-வுக்குத் திரும்பிவிடும். எங்கள் சுவா சூ காங்கிலிருந்து புக்கிட் பாஞ்சாங் போகும் இலகு ரயிலில்கூட ஏ, பி என்று இரண்டு சேவைகள் உண்டு. சுற்றுப்பாதையை ஒன்று ஒரு பக்கமாகச் சுற்றும், மற்றது எதிர்ப்பக்கமாக. எதில் ஏறினாலும் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நேரம் கூடக் குறைய ஆகும், அவ்வளவுதான். மருமகனிடம் இந்த உதாரணத்தைச் சொன்னேன். “எல்ஆர்டி நின்னா ரெண்டும்தான் மாமா நிக்கும்” என்றான். தெரியாமல் சொன்னாலும் விஷயத்தின் நடு மர்மத்தைத் தொட்டுவிட்டான்.

இரண்டாவது வரி ஒரு மருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அதை முதலில் ஒரு பரிசோதனையாகப் பார்க்கச் சொல்வேன். பழையது எழுந்தால், கோளாறு புதிய சிஸ்டத்துக்குள் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ரோல்பேக் கட்டளை கொடுத்துப் பழையதையே முதல் வரியாக்கிவிட்டு, அது அடுத்தடுத்த அப்டேட்டில் அழிந்துபோகாமல் ஆணியடித்து வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கலாம். பழையதும் எழவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் கோளாறு. அப்போது புதிய சிஸ்டத்தைத் திட்டுவதில் பயனில்லை.

‘பெரும்பாலும்’ என்றேன். அந்தச் சொல்லை ஏன் போட்டேன் என்பதற்கு 2024 ஜூன் மாதக் கதையைச் சொல்ல வேண்டும். ஜூன் 17-ஆம் தேதி அப்டேட்டுக்குப் பிறகு, ஃபெடோராவின் மாறாத வகைகளை வைத்திருந்த பலருக்குக் கணினி எழவில்லை. ‘ஷிம் கையெழுத்து சரியில்லை’ என்ற பொருளில் ஒரு வரி, ‘முதலில் கெர்னலை ஏற்றுங்கள்’ என்று அடுத்த வரி. இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தால் ஜோராக எழுந்தது. அப்படியானால் கோளாறு புதிய கெர்னலில்தானே? இல்லை. கோளாறு வாயில்காப்போனிடம். ஃபெடோரா 40-க்கு முன் நிறுவிய கணினிகளில் ஷிம் அன்று நிறுவியதாகவே இருந்தது. சிஸ்டம் ஆண்டுக்கு இரண்டு முறை புது வீடு மாறியது. வாசல் காவலாளி மட்டும் பழைய ஆள்பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு நின்றார். புதிய கெர்னல் வந்து நின்றபோது ‘உன்னைத் தெரியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். பழைய கெர்னலை அவருக்குத் தெரியும், விட்டார்.

எல்லாவற்றையும் புதுப்பிக்கும் சிஸ்டம் காவலாளியை மட்டும் ஏன் விட்டுவைத்தது? சோம்பேறித்தனம் இல்லை, பயம். ஷிம்மும் கிரப்பும் இருக்கும் அந்தச் சிறு பகுதி பழைய டாஸ் காலத்து ஃபேட் வடிவத்தில் இருக்க வேண்டும்; யுஇஎஃப்ஐ-க்கு அதுதான் படிக்கத் தெரியும். அந்த வடிவத்தில் பல கோப்புகளை ஒரே நொடியில் மாற்றிவைக்க வழியில்லை. ஒன்றை எழுதி முடித்து அடுத்ததை எழுதும்போது மின்சாரம் போனால், பட்டியலே வராது. இரண்டாவது வரியும் கிடையாது. ஆகவே ஓடுகிறவரை ஓடட்டும் என்று தொடாமல் விட்டார்கள். அந்த எச்சரிக்கைதான் ஜூனில் காலை வாரிவிட்டது. சரிசெய்யும் வழி எளிது: இரண்டாவது வரியில் எழுந்து, சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும் புதிய ஷிம்மையும் கிரப்பையும் கையால் அந்தப் பகுதிக்கு நகலெடுப்பது. ஒரே கட்டளை. இந்த வேலையைப் பாதுகாப்பாகத் தானே செய்ய பூட்அப்டி என்ற கருவியையும் ஃபெடோராக்காரர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இரண்டாவது வரி பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

காவலாளி கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2020-இல் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டையுள்ள ஒவ்வொரு கிரப்பையும் தனித்தனியாகத் தடைசெய்தால், மதர்போர்டில் தடைப்பட்டியலுக்கு இருக்கும் 32 கிலோபைட் இடத்தில் 10 கிலோபைட் அந்த ஒரு ஓட்டைக்கே போனது. இன்னும் இரண்டு ஓட்டை வந்தால் பட்டியல் நிரம்பிவிடும். ஆகவே எஸ்பாட் என்ற முறை வந்தது: தனிப்பெயர்கள் வேண்டாம், தலைமுறை எண் போதும், இந்தத் தலைமுறைக்கு முந்தைய யாரையும் விடாதே. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் இந்த எண்ணை உயர்த்தியது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழவில்லை. எஸ்பாட் சரிபார்ப்பு தோற்றது, பாதுகாப்புக் கொள்கை மீறல், ‘ஏதோ படுமோசமாகத் தப்பாகிவிட்டது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம், பிறகு கணினி தானே அணைந்தது. இங்கே கிரப்பின் பட்டியலே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குடம் அதற்கு முந்தைய கையிலேயே விழுந்துவிட்டது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்தத் தலைமுறைக் கணக்கை அழித்துவிட்டுத் திரும்ப வரவேண்டியிருந்தது.

2024-இன் அந்தக் கோடைக்கு இப்படி ஒரு ராசி. ஜூனுக்கும் ஆகஸ்ட் 13-க்கும் நடுவில் சிங்கப்பூரையே தொட்ட இரண்டு சம்பவங்கள் நடந்தன. அவற்றையும் பார்த்தால்தான் என் மடிக்கணினிக்கு வந்து சேர முடியும்.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரம் மதியம் 12.09-க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை உலகமெங்கும் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்து, எழ முயன்று, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதிப் பயணிகளைப் பதிவு செய்தன. சில வீவக கார்ப்பேட்டைகளின் நுழைவாயில் தடுப்புகளும் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் எழுதிய ஒரு கோப்பு நம் புளோக்கடி கார்ப்பேட்டை வரை வந்து கையை நீட்டியதை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க மாறாத லினக்ஸ் ரசிகர்கள் மார்தட்டினார்கள், நானும் உட்பட. ‘எங்கள் முறையில் இருந்திருந்தால் பழைய வரியைத் தேர்ந்தெடுத்துப் போயிருப்போம்.’ பிறகு நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வாய் அடைத்துப்போனது. அந்த 291-ஆம் எண் கோப்பு நிரலே அல்ல. நிரல் படிக்கிற தரவு. புதிய தரவு 21 விவரங்களைக் கேட்டது, கெர்னலுக்குள் ஓடிய நிரலுக்குக் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் நினைவகத்தில் கண்ட இடத்தில் கைவைத்தது. நிரல் மாறவே இல்லை. தரவு மட்டும் மாறியது. மாறாத லினக்ஸில் இப்படிப்பட்ட தரவு எங்கே இருக்கும்? வார் என்ற அடைவில். அது இரண்டு வரிகளுக்கும் பொது. இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தால் பழைய நிரல் எழுந்துவந்து அதே புதிய தரவைப் படித்து அதே இடத்தில் விழுந்திருக்கும்.

அடுத்தது ஆகஸ்ட் 4. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களை நிர்வகித்த மொபைல் கார்டியன் என்ற செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். 26 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு எல்லா ஐபேடிலிருந்தும் குரோம்புக்கிலிருந்தும் அந்தச் செயலியை நீக்கியது. துடைக்கப்பட்ட குரோம்புக் என்பது உடைந்த குரோம்புக் அல்ல. சிஸ்டம் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கும். பொத்தானை அமுக்கினால் கடையில் வாங்கிய அன்று எழுந்ததுபோல எழும். போனது மாணவர் எழுதி, கணினிக்குள்ளேயே வைத்திருந்த குறிப்புகள். மருமகனின் பள்ளி அந்த 26-இல் இல்லை. ஆனால் அவனுடைய நண்பர்கள் வட்டத்தில் அது பெரிய பேச்சாக இருந்ததாம். தேர்வுக்கு முன் அது யாருக்கு நடந்தாலும் பேச்சாகத்தானே இருக்கும்.

ஜூலையில் தரவு பத்திரமாக இருந்தது, கணினி எழவில்லை. ஆகஸ்டில் கணினி எழுந்தது, தரவு இல்லை. மாறாத சிஸ்டம் என்று நாம் சொல்லும்போது எந்தப் பகுதி மாறாது என்பதை யாரும் கேட்பதில்லை.

மாறுகிற பகுதி சில்வர்புளூவில் இரண்டு. ஒன்று வார்: உங்கள் கோப்புகள், பதிவேடுகள், தரவுகள். இது இரண்டு சிஸ்டங்களுக்கும் ஒரே கிடங்கு. மற்றொன்று எட்சி: கணினியின் அமைப்புக் கோப்புகள். இங்கேதான் ஓஸ்ட்ரீ ஒரு நுட்பம் செய்கிறது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனி எட்சி. புதிய சிஸ்டம் தயாராகும்போது, நீங்கள் பழைய எட்சியில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கணக்கெடுத்து, அந்த மாற்றங்களை மட்டும் புதிய எட்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இது நடப்பது கணினி அணையும் நேரத்தில். கடைசி நிமிட மாற்றமும் விட்டுப்போகாது.

புது வீட்டுக்குப் போகும்போது நாம் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போவதுதான் இது. வீடு புதிது, சுவர் புதிது, குழாய் புதிது. பழைய அலமாரியில் கரப்பான் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

இனி அந்த இரவுக்குத் திரும்பலாம். இரண்டு வரிகளும் விழுந்தன. ஆகவே சாயங்கால அப்டேட் குற்றவாளி இல்லை என்று ஏறக்குறைய முடிவுசெய்தேன். வட்டே பழுதோ, நினைவகமோ என்று ஓடிய யோசனையை நிறுத்தியது மருமகன்தான். அவன் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“ரெண்டு தடவையும் கரெக்டா ஒன்றரை நிமிஷம் மாமா.”

பழுது என்பது இவ்வளவு ஒழுங்காக நடக்காது. கெட்டுப்போன வட்டு ஒரு தடவை பத்து நொடியில் விழும், இன்னொரு தடவை நாற்பதில். இரண்டு தடவையும் சரியாக 90 நொடி என்றால், அங்கே எதுவும் உடையவில்லை. யாரோ யாருக்காகவோ காத்திருந்து, கெடு முடிந்ததும் கையை விரித்திருக்கிறார்கள். சிஸ்டம்டி ஒரு சாதனம் வரும் என்று காத்திருக்கும் வழக்கமான கெடு 90 நொடிதான். சின்னம் சுழலும்போது எஸ்கேப் பொத்தானைத் தட்டியிருந்தால், எதற்காகக் காத்திருக்கிறது என்று திரையே சொல்லியிருக்கும். தட்டிப் பார்த்தோம். சொல்லியது: ஒரு வட்டுக்காக. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 36 எழுத்து நீளத்துக்கு ஒரு அடையாள எண்.

எண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

“போன வாரம் கல்யாணப் படம் இருக்கிற ஹார்ட்டிஸ்க்க அம்மாகிட்ட குடுக்கச் சொல்லி உன்கிட்டதானே குடுத்தேன்?”

“ஆமா. வீட்டுல டிவிக்குப் பக்கத்துல இருக்கு.”

இரண்டு மாதங்களுக்கு முன் அந்த வெளிவட்டு தானே இணையட்டும் என்று எட்சியில் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன். கணினி எழும்போது எந்தெந்த வட்டை எங்கெங்கே பொருத்தவேண்டும் என்ற பட்டியல் அது. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் கட்டாயம் என்றுதான் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். ‘இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று நாம் தனியே சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. வட்டு செருகியே இருந்ததால் இரண்டு மாதமும் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குள் எத்தனையோ அப்டேட். ஒவ்வொரு தடவையும் ஓஸ்ட்ரீ என் வரியை விசுவாசமாகப் புது வீட்டுக்குச் சுமந்து சென்றது. வட்டு போன பின்னும் ஒரு வாரம் கணினியை மூடித் திறந்துகொண்டிருந்தேனே தவிர ரீஸ்டார்ட் செய்யவில்லை. அன்று இரவு அப்டேட்டுக்காகச் செய்தேன். அப்டேட்தான் காரணம் என்று நம்பியதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இருக்கவில்லை. கணினிக்குள் எதுவும் கெடவில்லை. கணினிக்கு வெளியே இருந்த ஒன்று இலகு ரயில் ஏறி புக்கிட் பாஞ்சாங் போயிருந்தது.

வட்டை எடுத்துவந்து செருகினால் தீர்ந்தது. இரவு பதினொன்றுக்கு அக்காவை எழுப்பித் திட்டு வாங்க எனக்கு மனமில்லை. ரூட் கணக்கு பூட்டியிருந்தாலும் உள்ளே போக ஒரு வழி உண்டு. கிரப்பில் முதல் வரியின்மேல் நின்று ‘இ’ எழுத்துப் பொத்தானை அமுக்கினால் அந்த வரியின் உள்விவரம் திறக்கும். கெர்னலை ஏற்றும் வரியின் கடைசியில் சிஸ்டம்டி.டீபக்_ஷெல்=1 என்று சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் அமுக்கினேன். அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒன்பதாவது முனையத்தில் கடவுச்சொல் கேட்காத ரூட் திரை திறந்திருக்கும். இதையே திருடனும் செய்யலாமே என்று கேட்பீர்கள், செய்யலாம். அதனால்தான் வட்டையே குறியாக்கம் செய்து வைக்கச் சொல்வது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9. எஃப்எஸ்டேப்பைத் திறந்து, அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்து, காத்திருக்கும் கெடுவைப் பத்து நொடியாகக் குறைத்தேன். ரீஸ்டார்ட். இந்தத் தடவை உள்நுழையும் திரை வந்தது.

மருமகன் கைதட்டிவிட்டுத் தூங்கப் போக எழுந்தான். பிறகு நின்று, “அப்ப ரெண்டாவது லைனும் சரியாயிடுச்சா?” என்று கேட்டான்.

ஆகவில்லை. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி எட்சி என்று சொன்னேனே; நான் திருத்தியது முதல் வரியின் எட்சியை. இரண்டாவது வரியின் எட்சியில் கரப்பான் அப்படியே உட்கார்ந்திருந்தது. திருத்தம் அடுத்த சிஸ்டத்துக்கு முன்னோக்கிப் போகுமே தவிர, முந்தையதற்குப் பின்னோக்கி வராது. அதாவது ஆபத்துக்கு என்று நான் வைத்திருந்த இரண்டாவது வரி, வட்டு இல்லாதவரை, எழவே எழாத வரி. அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அவனைத் திரும்ப உட்காரச் சொன்னேன். புதிய அப்டேட் எதுவும் மிச்சமில்லை. ஆகவே எப்போதோ நிறுவ நினைத்திருந்த ஒரு சிறு கருவியை, ஓஸ்ட்ரீயின் மேல் நிரல்களை நிறுவித் தரும் ஆர்பிஎம்-ஓஸ்ட்ரீயிடம் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் அது ஒரு முழுப் புதிய சிஸ்டத்தைக் கட்டும். ரீஸ்டார்ட் செய்தபோது பட்டியலில் மறுபடி இரண்டு வரிகள்: மேலே திருத்தத்தோடு புதிதாகப் பிறந்தது, கீழே சற்றுமுன் நான் கையால் திருத்தியது. கரப்பான் இருந்த மூன்றாவது, பட்டியலிலிருந்து போய்விட்டிருந்தது.

மருமகன் கையை நீட்டி, அம்புக்குறியை ஒரு படி கீழே இறக்கி, எண்டர் தட்டிவிட்டு, கைப்பேசியில் நொடி எண்ண ஆரம்பித்தான்.